ஏழை நம் வாசலுக்கு வர வேண்டாம். நாம் ஏழையின் வாசலுக்குப் போவோம்!

(ரமளானை முன்னிட்டு இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரச் சகோதரர்களே! துடிப்பு மிக்க இளைஞர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

எனக்கு ஃபித்ராவைப் பற்றிப் பேசும்படி தலைப்புத் தந்திருக்கிறார்கள். ஃபித்ரா கடமை என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு என்பதும் தெரியும். தெரிந்த விஷயத்தைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க நான் வரவில்லை. நாம் கொடுக்கிறோமே, அது சரியான ஆளுக்குப் போய்ச் சேருகிறதா? அவனுடைய மானம் காக்கப்படுகிறதா? இந்த இரண்டு கேள்விகளை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

சில்லறை மூட்டை

ரமளான் பிறை இருபதைத் தாண்டிவிட்டால் நம் கடைவீதியில் என்ன நடக்கும்? வங்கிக்குப் போய் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயமாக ஒரு மூட்டை மாற்றிக் கொண்டு வருவோம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைப்போம். கடைப் பையன் ஒருவனை அதற்கென்றே நிறுத்துவோம். காலை பத்து மணியிலிருந்து வரிசை வரும். கைக்குழந்தையோடு வருவார்கள், கம்பு ஊன்றி வருவார்கள், வெளியூரிலிருந்து ரயிலேறியும் வருவார்கள். ஆளுக்கு இரண்டு ரூபாய். "போம்மா, போம்மா, வழியை மறிக்காதே, வியாபார நேரம்" என்று பையன் சத்தம் போடுவான். சாயங்காலம் மூட்டை காலியாகும். நமக்கும் ஐயாயிரம் ரூபாய் தர்மம் செய்துவிட்டோம் என்று ஒரு திருப்தி.

சகோதரர்களே! அந்த ஐயாயிரம் யாருடைய அடுப்பை எரித்தது? யாருடைய பிள்ளைக்குச் சட்டை வாங்கித் தந்தது? இரண்டாயிரத்து ஐநூறு கைகளில் இரண்டிரண்டு ரூபாயாகச் சிதறிப் போனது. ஒரு குடும்பத்தின் ஒரு வேளைக் கஷ்டம்கூடத் தீரவில்லை. வியாபாரிக்கு நான் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐயாயிரம் முதலைப் போட்டு, பலன் இல்லாத இடத்தில் அதை இறைக்க நீங்கள் சம்மதிப்பீர்களா? கடை முதலுக்குக் காட்டும் அக்கறையை அல்லாஹ்வுக்காகக் கொடுக்கும் பணத்துக்குக் காட்ட வேண்டாமா?

வரிசை உயிரையும் வாங்கும்

வரிசையில் நிறுத்திக் கொடுப்பது மானத்தை மட்டும் பறிக்கவில்லை. உயிரையும் பறித்திருக்கிறது.

2008 செப்டம்பரில், ரமளான் மாதத்தில், இந்தோனேஷியாவின் பசுருவான் என்ற ஊரில் ஒரு செல்வந்தர் தம் வீட்டு வாசலில் ஜகாத் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. நெரிசலில் 21 பெண்கள் இறந்தார்கள். 2015 ஜூலையில், அதுவும் ரமளானில், வங்காள தேசத்தின் மைமன்சிங் நகரத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜகாத் துணி கொடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மிதிபட்டு இறந்தார்கள். 2023 ஏப்ரலில் பெருநாளுக்கு ஓரிரு நாட்களுக்கு முன்னால், யமன் நாட்டின் சன்ஆ நகரில் வியாபாரிகள் பணம் கொடுத்த இடத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்காதீர்கள். 2005 டிசம்பர் 18 அன்று, நம் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்காக விடியுமுன்னே திரண்ட கூட்டத்தில் 42 பேர் மாண்டார்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் ஒரு தனியார் இலவசச் சேலைக்கு டோக்கன் கொடுத்த இடத்தில் வயதான பெண்கள் நான்கு பேர் இறந்தார்கள். அது வேறு சமயத்தவரின் திருவிழாவையொட்டி நடந்தது. எந்தச் சமயத்துப் பண்டிகையாக இருந்தால் என்ன, இறந்தவர் அனைவரும் ஏழைகள்.

இந்த இடங்களிலெல்லாம் கொடுத்தவரின் எண்ணம் கெட்டதாக இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கொடுத்த முறை கெட்டது. நல்ல எண்ணத்தோடு கெட்ட முறையும் சேர்ந்தால் விளைவு என்ன என்பதற்கு அந்த ஜனாஸாக்களே சாட்சி.

நான் செய்த தவறு

மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு என்னை மறைத்துக்கொள்வது நியாயமில்லை. பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஊரில் பெருநாள் உதவிக் கமிட்டிக்கு நான்தான் பொருளாளர். மேடை போட்டோம். பேனர் கட்டினோம். பிரமுகர்களை அழைத்தோம். விதவைப் பெண்களை வரிசையாக வரச்சொல்லி, ஆளுக்கொரு அரிசிப் பையும் சேலையும் கொடுத்தோம். ஒவ்வொருவரும் வாங்கும்போது புகைப்படம் எடுத்தோம். பையை ஒரு பக்கம் பிரமுகரும் மறுபக்கம் அந்தப் பெண்ணும் பிடித்துக்கொண்டு, புகைப்படக்காரர் சொல்லும்வரை விடாமல் நிற்க வேண்டும். அந்தப் படத்தைச் சுவரொட்டியிலும் போட்டோம்.

பெருநாள் முடிந்து பத்து நாள் இருக்கும். மதரஸாவுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு பையன் வரவில்லை. விசாரிக்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தாய் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னார்: "பாய், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'உங்கம்மா பிச்சை வாங்குற போட்டோ சுவத்துல ஒட்டியிருக்கு'ன்னு கூடப் படிக்கிற பிள்ளைங்க சொல்லிட்டாங்களாம். அன்னையிலிருந்து போக மாட்டேங்கிறான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். நாங்கள் கொடுத்தது ஐந்து கிலோ அரிசியும் ஒரு சேலையும். எடுத்துக்கொண்டது ஒரு பிள்ளையின் தலைநிமிர்வை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் உங்கள் தர்மங்களைப் பாழாக்காதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் பகரா அத்தியாயத்தின் 264-ஆம் வசனத்தில் எச்சரிக்கிறான். அந்த வசனத்தை மேடையில் எத்தனையோ முறை நானே ஓதியிருக்கிறேன். அந்தச் சுவரொட்டியை என் கையாலேயே கிழித்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது. இன்றோ சுவரொட்டிகூடத் தேவையில்லை. கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அரை மணி நேரத்தில் துபாய்வரை போய்விடுகிறது. அன்றைய தவறு ஒரு தெருவோடு நின்றது. இன்றைய தவறு நிற்காது.

2020 கற்றுத் தந்த பாடம்

2020-ஆம் வருடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். ஏப்ரல் கடைசியில் ரமளான் வந்தது. பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகை இல்லை, தராவீஹ் இல்லை, நோன்புக் கஞ்சிக்கு வாளி தூக்கி வரும் பிள்ளைகள் இல்லை. பெருநாள் தொழுகையை வீட்டிலேயே தொழுதோம். வரிசை வைக்க வழியில்லை. ஆகவே வேறு வழியின்றி நாங்களே வீடு வீடாகப் போனோம்.

அப்போதுதான் எங்கள் அறியாமை எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் பட்டியலில் இருந்ததெல்லாம் வருடா வருடம் வரிசைக்கு வந்தவர்கள். வராதவர்கள் யார் என்று எங்களிடம் பட்டியலே இல்லை!

கடைவீதியில் சிறியதாக ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர். பெயர் வேண்டாம். எங்கள் ரசீது புத்தகத்தில் ஆண்டுதோறும் அவர் பெயர் இருக்கும். அந்த வருடமும் ஃபித்ரா கேட்டுப் போன பிள்ளைகளிடம், தம் வீட்டில் ஐந்து பேர் என்று கணக்குச் சொல்லி, முழுத் தொகையையும் கொடுத்தனுப்பினார். பெருநாள் கழித்து ஒரு மாதம் போனபின் எங்களுக்குத் தெரிகிறது: இரண்டு மாதமாகக் கடை அடைப்பு, சரக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது, கடைசி நகையும் அடகுக்குப் போய்விட்டது, பல நாள் ஸஹருக்குத் தண்ணீரும் பேரீச்சம்பழமும்தான். அப்படிப்பட்டவரிடம் போய் நாங்கள் ஃபித்ரா வசூலித்து வந்திருக்கிறோம்!

தன்மானத்தால் கை நீட்டாதவர்களை, விவரம் தெரியாதவன் செல்வந்தர் என்று எண்ணிக்கொள்வான் என்ற பொருளில் பகரா அத்தியாயத்தின் 273-ஆம் வசனம் பேசுகிறது. அந்த விவரம் தெரியாதவர்கள் வேறு யாரும் இல்லை. ரசீது புத்தகத்தோடு போன நாங்கள்தான்.

ஒரு வாய், இரண்டு வாய் உணவுக்காக வீடு வீடாகச் சுற்றுபவர் உண்மையான மிஸ்கீன் அல்லர். தேவைக்குப் போதிய வசதி இல்லாமலும், பிறர் அறிந்து உதவும்படி வெளிக்காட்டாமலும், எழுந்து நின்று கேட்காமலும் இருப்பவரே மிஸ்கீன் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. கேட்பவனுக்கு மட்டுமே கொடுக்கும் நம் முறை இந்த மிஸ்கீனை எப்படிக் கண்டுபிடிக்கும்?

பட்டியல் எப்படித் தயாரிப்பது?

இளைஞர்களே, இது உங்கள் வேலை. ஷஅபான் பிறந்ததுமே தொடங்குங்கள். பிறை 27-ல் உட்கார்ந்து எழுதும் பட்டியல் பட்டியல் அல்ல.

தெருவுக்கு மூன்று பேர். ஏன் மூன்று? கபீஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று முஸ்லிமில் இருக்கிறது. வறுமை தாக்கிய ஒருவர் உதவி கேட்க உரிமை பெறுவதற்கு, அவருடைய சமூகத்தைச் சேர்ந்த விவரமுள்ள மூவர் அவருடைய நிலையை உறுதி செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். பாருங்கள், பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே விசாரணைக்கு முறை வகுத்தாயிற்று! தெருவில் உள்ள மூவர் சொன்னால் போதும். ஏழையை ஆபீஸுக்கு வரவழைத்து, ரேஷன் கார்டு நகல் எங்கே, முத்தவல்லி கையெழுத்து எங்கே என்று அலைக்கழிக்க வேண்டாம்.

யாரிடம் விசாரிப்பது? பெட்டிக்கடைக்காரரிடம் கேளுங்கள், யார் கடன் நோட்டில் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது என்று அவருக்குத் தெரியும். மருந்துக்கடையில் கேளுங்கள், பத்து மாத்திரை எழுதியதில் மூன்று மட்டும் வாங்கிப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆசிரியரிடம் கேளுங்கள். பெண்களிடம் உங்கள் தாயார், சகோதரிகளை அனுப்பிக் கேளுங்கள். ஆனால் கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தேநீர்க்கடையில் உட்கார்ந்து அலசினால் நீங்கள் ஊழியர் அல்ல, புறம் பேசுகிறவர்.

யாரை விட்டுவிடுகிறோம் என்றும் பாருங்கள். ஜமாஅத் சந்தா கட்டாதவர் பட்டியலில் இருப்பதில்லை. கட்ட முடியாததால்தானே அவர் கட்டவில்லை! வெளியூரிலிருந்து வாடகைக்கு வந்தவரைச் சேர்ப்பதில்லை. கணவன் வெளிநாட்டில் இருப்பதால் வசதி என்று எண்ணப்படும் பெண்ணைச் சேர்ப்பதில்லை. அவன் பணம் அனுப்பி ஆறு மாதமாகியிருக்கும். தலாக் பெற்று அண்ணன் வீட்டில் அடைந்து கிடக்கும் சகோதரியைச் சேர்ப்பதில்லை. இஸ்லாத்தைத் தழுவி உறவுகளை இழந்து தனித்து நிற்கும் குடும்பத்தைச் சேர்ப்பதில்லை. நடித்துப் போன வியாபாரியைச் சேர்ப்பதே இல்லை. ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரைச் சொல்லும் தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனத்தில் கடன்பட்டோரும் ஒரு பிரிவு என்பதை மறந்துவிட்டோம்.

சிதறினால் சில்லறை, சேர்ந்தால் செல்வம்

இனி வசூல். தலைக்கு ஒரு ஸாவு. ஒரு ஸாவு என்பது சராசரி மனிதரின் இரு கைகளாலும் அள்ளினால் நான்கு அள்ளு. அரிசியில் சுமார் இரண்டரைக் கிலோ என்று பல ஜமாஅத்கள் கணக்கிடுகின்றன. அரிசியாகவா, பணமாகவா? ஷாஃபி மத்ஹபினர் ஊரின் பிரதான உணவுத் தானியமாகவே கொடுக்கச் சொல்கிறார்கள். ஹனஃபி மத்ஹபினர் கிரயத்தைக் கொடுக்கவும் அனுமதிக்கிறார்கள். இதை வைத்துச் சண்டை போட வேண்டாம். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு அதன்படி நடந்துகொள்ளுங்கள். நான் கணக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மஹல்லாவில் கொடுக்க வசதியுள்ள வீடு 400 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஐந்து பேர். இரண்டாயிரம் பேர். தலைக்கு இரண்டரைக் கிலோ என்றால் ஐயாயிரம் கிலோ. ஐந்து டன் அரிசி! கிலோ ஐம்பது ரூபாய் என்று போட்டாலும் இரண்டரை லட்சம் ரூபாய். தேவையுள்ள குடும்பம் அறுபது என்றால் ஒவ்வொன்றுக்கும் நான்காயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது.

இதே தொகையை 400 வீட்டாரும் தனித்தனியே வாசலில் உட்கார்ந்து உழக்கு உழக்காகவும் பத்துப் பத்து ரூபாயாகவும் கொடுத்தால்? சாமர்த்தியமாக ஓடுகிறவர் நூறு வீடு ஏறுவார். நடக்க முடியாத மூதாட்டி நாலு வீடு ஏறுவார். வெட்கப்படுபவர் ஒரு வீடும் ஏற மாட்டார். பணம் அதே பணம்தான். சேர்த்துக் கொடுத்தால் அறுபது வீட்டில் பெருநாள். சிதறடித்தால் அறுபது வீட்டில் ஏக்கம்.

சேர்த்து வைப்பது புதுமையா? இல்லை. ரமளான் ஜகாத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை நபி (ஸல்) அவர்கள் அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். இரவில் ஒருவன் வந்து உணவுப் பொருளை அள்ளியதும், அபூஹுரைரா (ரலி) அவனைப் பிடித்ததும் புகாரியில் இருக்கும் பிரபலமான சம்பவம். ஒரே இடத்தில் குவித்து, அதற்கு ஒரு பொறுப்பாளரும் இருந்ததால்தானே அந்தச் சம்பவம் நடந்தது? இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு காலையிலும் இரவில் நடந்ததைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவரும் மறைக்காமல் பதில் சொன்னார். பொறுப்பாளர் என்றால் கேள்விக்குப் பதில் சொல்பவர் என்று பொருள்.

உள்ளூருக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்பதற்கும் வழிகாட்டுதல் உண்டு. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வந்தர்களிடமிருந்து பெற்று அங்குள்ள ஏழைகளுக்குத் திருப்பித் தரும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பக்கத்துச் சந்தில் பசி இருக்க, பெயர் தெரியாத ஊரின் பெயரால் ரசீது போடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கலாமா? நம் ஊர்த் தேவை நிறைந்த பின் அடுத்த ஊருக்கு அனுப்புவோம்.

பெருநாளுக்கு முன்னால்!

நேரம் மிகவும் முக்கியம். மக்கள் தொழுகைக்குப் புறப்படும் முன்பே ஃபித்ராவைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. பெருநாளைக்கு ஒருநாள், இரண்டுநாள் முன்பே ஸஹாபாக்கள் கொடுத்து வந்தார்கள் என்றும் புகாரியில் காண்கிறோம். ஃபித்ராவின் நோக்கமே நோன்பாளியைத் தூய்மைப்படுத்துவதும் ஏழைக்கு உணவளிப்பதும் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. தொழுகைக்குப் பின் கொடுத்தால் அது சாதாரண தர்மங்களில் ஒன்றாகிவிடும் என்றும் அதிலேயே வருகிறது. அப்படியிருக்க, பெருநாள் காலை தக்பீர் முழங்கும்போது பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காரும் கமிட்டிகள் இருக்கின்றன!

தாமதம் என்ன செய்யும் தெரியுமா? நாம் வருவோமா மாட்டோமா என்று தெரியாத தாய், பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்டல்காரனிடம் போவாள். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, முன்னதாகவே வட்டியைப் பிடித்து எட்டாயிரத்து ஐநூறைக் கையில் கொடுப்பான். தினம் நூறு ரூபாய், நூறு நாள். பிறை 25-ல் வாங்கினாள் என்று வையுங்கள். நோன்புப் பெருநாள் ஒருநாளில் முடிந்துவிடும். ஹஜ்ஜுப் பெருநாளும் வந்துவிடும். அப்போதும் அந்தத் தண்டல் இன்னும் இருபத்தைந்து நாள் பாக்கி இருக்கும்! வட்டியை ஹராம் என்று மிம்பரில் சொல்கிறோம். அதில் விழாதபடி பத்து நாள் முன்னதாகவே ஓர் ஏழைத் தாயிடம், "கவலைப்படாதீர்கள் அம்மா, பெருநாள் செலவு எங்கள் பொறுப்பு" என்று சொல்லி வைத்தோமா? அந்த ஒரு வார்த்தைக்குப் பணம்கூடத் தேவையில்லை.

கொடுக்கும் முறை

எங்கள் கமிட்டியில் 2020-க்குப் பிறகு சில விதிகளை வைத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் யோசித்துப் பாருங்கள்.

ஒன்று: வரிசை கிடையாது, டோக்கன் கிடையாது, மேடை கிடையாது. வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம்.

இரண்டு: பையில் இயக்கத்தின் பெயரோ ஜமாஅத்தின் பெயரோ இருக்காது. மளிகைக்கடையில் வாங்கிய சாமான் போலவே இருக்கும். தூக்கிப் போகிறவரும் விருந்தாளி போலப் போய் வருவார்.

மூன்று: புகைப்படம் அறவே கிடையாது. "வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர் ஆதாரம் கேட்கிறார்" என்றால் ரசீதும் கணக்கும்தான் ஆதாரம். ஏழையின் முகம் ஆதாரம் அல்ல.

நான்கு: பெண்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு நம் வீட்டுப் பெண்களே போவார்கள்.

ஐந்து: நாம் உண்ணுவதையே கொடுப்போம். பெருநாளன்று நம் வீட்டில் பிரியாணி வேகும்போது அந்த வீட்டில் குருணைக் கஞ்சியா? பிரியாணி அரிசி, நெய், மசாலா, சீனி, சேமியா, கறிக்குப் பணம். மண்டியில் விலை போகாத அரிசியைச் சிப்பம் கட்டித் தள்ளிவிடும் இடமல்ல ஃபித்ரா.

ஆறு: பிள்ளைகளின் துணிக்குப் பணமாகவே கொடுப்போம். ஒரே நிறத்தில் அறுபது சட்டை தைத்துக் கொடுத்தால், பெருநாள் திடலில் அந்த அறுபது பிள்ளைகளையும் ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். தன் பிள்ளைக்குப் பிடித்த சட்டையைத் தானே கடையில் தேர்ந்தெடுக்கும் சந்தோஷத்தை ஒரு தாயிடமிருந்து நாம் ஏன் பறிக்க வேண்டும்?

கணக்கு

வியாபாரிகளே, இனி உங்கள் துறை. வசூலுக்கு இருவர் இருவராகப் போகட்டும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. கைபேசி வழியாக அனுப்புபவர்களுக்கும் ரசீது எழுதுங்கள். தனிநபர் கணக்கில் பணம் வாங்காதீர்கள். ஃபித்ரா தனிச் சிட்டை, ஜகாத் தனிச் சிட்டை, சதக்கா தனிச் சிட்டை. ஒன்றை மற்றொன்றில் கலக்காதீர்கள்.

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கேட்டார்கள். பொதுப்பணத்தைத் தொடும் ஒவ்வொருவர் மனத்திலும் இந்தக் கேள்வி இருக்க வேண்டும்.

வண்டி வாடகை, பை, ரசீது அச்சுக்கூலி இவற்றை ஃபித்ராவிலிருந்து எடுக்காதீர்கள். ஐந்து வியாபாரிகள் சேர்ந்தால் அந்தச் செலவை ஏற்க முடியாதா? பெருநாள் கழிந்த முதல் ஜும்ஆவில் மொத்த வரவு, மொத்தச் செலவு, எத்தனை குடும்பம் என்பதைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெறுபவர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். பணம் கொடுத்தவருக்குக் கணக்கு வெளிச்சம், பெற்றவருக்கு மறைவு. நாம் பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஏழையின் முகம் சுவரில், கணக்கு பெட்டிக்குள்!

அடுத்த வருடம் அந்தப் பெயர் வேண்டாம்

ஃபித்ரா ஒருநாள் பசியைத் தீர்க்கும். வறுமையைத் தீர்க்க அல்லாஹ் கடமையாக்கியது ஜகாத். கடைச் சரக்கு, கையிருப்பு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கணக்கிட்டு, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, இரண்டரை சதவிகிதம் எடுத்து வையுங்கள். பத்து வியாபாரிகளின் ஜகாத்தில் ஒரு பகுதி சேர்ந்தால் ஒரு பெண்ணுக்குத் தையல் எந்திரம் வாங்கலாம், ஓர் இளைஞனுக்குத் தள்ளுவண்டி வாங்கலாம், ஒருவரைத் தண்டல் கடனிலிருந்து மீட்கலாம்.

எனவே பட்டியல் தயாரிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதுங்கள்: இந்தக் குடும்பம் அடுத்த வருடம் இந்தப் பட்டியலில் இல்லாமலிருக்க என்ன செய்ய வேண்டும்? பட்டியல் வருடா வருடம் நீளுவது பெருமையல்ல. "போன வருடம் அறுபது குடும்பம், இந்த வருடம் நூறு குடும்பத்துக்குக் கொடுத்தோம்" என்று அறிவிக்கிறோம். "அறுபதில் ஏழு குடும்பம் இந்த வருடம் ஃபித்ரா கொடுக்கும் குடும்பமாகிவிட்டது" என்று அறிவிக்கும் நாள் வரவேண்டும். எங்கள் ஊரில் நடித்துப் போன அந்த ஜவுளிக்கடைக்காரரின் சரக்குக் கடனை ஜகாத் நிதியிலிருந்து அடைத்தோம். கடை மறுபடி நடக்கிறது. ரசீது புத்தகத்தில் அவர் பெயர் மறுபடி இருக்கிறது. இந்த முறை மனநிம்மதியோடு வாங்கிக்கொள்கிறோம்.

அண்டை வீட்டார்

இன்னும் ஒன்று. நம் தெருவைக் கூட்டும் தொழிலாளி, கடையில் மூட்டை தூக்கும் சகோதரர், பக்கத்து வீட்டு ஏழை, இவர்களில் பலர் முஸ்லிமல்லாதவர்கள். நம்மோடு பகைமை பாராட்டாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று மும்தஹினா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் தெளிவாக்குகிறது. சதக்காவிலிருந்து அவர்களுக்கும் பெருநாள் பங்கு போகட்டும். 2004 சுனாமியிலும் 2015 சென்னை வெள்ளத்திலும் நம் இளைஞர்கள் மதம் பார்த்தா கை கொடுத்தார்கள்? வெள்ளம் வந்தால்தான் மனிதநேயம் என்றில்லை. பெருநாளிலும் அது தெரியட்டும்.

முடிவாக...

இளைஞர்களே! இன்றிரவு வீட்டுக்குப் போகுமுன் தெருவுக்கு மூன்று பேர் யார் என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள். வியாபாரிகளே! இந்த வருடம் வங்கியில் சில்லறை மாற்றப் போகாதீர்கள். அந்த மூட்டைப் பணத்தை உங்கள் ஊர்ப் பொது நிதியில் சேருங்கள். இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு குடும்பத்துக்கு முழுவதையும் கொடுங்கள். அதற்காக வாசலில் வந்து நிற்பவரை விரட்டாதீர்கள், அது நம் மார்க்கமல்ல. நல்ல வார்த்தை சொல்லி, முடிந்ததைக் கொடுத்து, அவர் எந்த ஊர், என்ன கஷ்டம் என்று கேட்டு அந்த ஊர் ஜமாஅத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

சுவரொட்டியில் தாயின் படத்தைப் பார்த்து மதரஸாவை விட்ட அந்தப் பையன் இன்று பெரியவனாகிவிட்டான். பலமுறை நடந்து, மன்னிப்புக் கேட்டு, அவனை மறுபடி அழைத்து வந்தோம். இன்று எங்கள் கமிட்டியில் இரவு நேரத்தில் பை தூக்கிப் போகிறவர்களில் அவனும் ஒருவன். ஒவ்வொரு வருடமும் புறப்படும்போது மற்றப் பிள்ளைகளிடம் அவன் ஒன்றைத்தான் சொல்வான்: "கைபேசியை இங்கேயே வைத்துவிட்டு வாங்கடா."

அந்த வார்த்தையின் வலியை உணர்ந்தவர்களாக நம்மை அல்லாஹ் ஆக்குவானாக! நம் நோன்பையும் தர்மத்தையும் ஏற்றுக்கொள்வானாக!